கை ஓய்ந்த பின் வேகும் சூப்

ரொட்டி

இந்தச் சூப்புக்கான முதல் வேலை சில நாட்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அதை யாரும் வேலையென்று எண்ணியிருக்க மாட்டார்கள். பெரிய ரொட்டி ஒன்றில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் எடுத்தால் அது கத்தியோடு மல்லுக்கு நிற்கும். ரிபொல்லீத்தா என்ற இந்தச் சூப்புக்கு அந்தப் பதத்தில்தான் ரொட்டி வேண்டும்.

இத்தாலியின் டஸ்கனியில், குறிப்பாக புளோரன்ஸைச் சுற்றிய ஊர்களில், குளிர்காலத்துக்கென்றே இருக்கும் சூப் இது. பயறு, பழைய ரொட்டி, கரும்பச்சைக் கீரை, ஆலிவ் எண்ணெய். முதல் நாள் செய்து வைத்து, மறுநாள் திரும்பக் கொதிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். இறைச்சி இல்லாமலே வயிறு நிறையும். கத்தோலிக்கர்கள் இறைச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமை செய்து, மிச்சத்தை அடுத்தடுத்த நாட்களில் சூடாக்கிக்கொள்வது பழைய வீடுகளின் வழக்கம்.

டஸ்கனி ரொட்டியில் உப்பு கிடையாது. கோதுமை மாவு, தண்ணீர், புளிக்கவைத்த தாய்மாவு, அவ்வளவுதான். முதன்முதலாகக் கடிப்பவருக்கு அடுமனைக்காரர் எதையோ மறந்துவிட்டார் என்று தோன்றும். பைசா நகரம் உப்பு வரத்தைத் தடுத்ததால் வந்த பழக்கம் என்று ஒரு கதை சொல்கிறார்கள்; உப்பு வரிக்குப் பயந்து வந்தது என்பது இன்னொரு கதை. 1302இல் புளோரன்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட தாந்தே, தன் காவியத்தில் அயல்வீட்டு ரொட்டியின் உப்பை அந்த வாழ்வின் துயரங்களில் ஒன்றாக வைத்தார். சொந்த ஊர் ரொட்டியில் உப்பில்லாதவனுக்குத்தான் அந்தக் கரிப்பு உறைத்திருக்கும் என்று வாசிப்பவர்கள் உண்டு. 2016 முதல் இந்த ரொட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பூர்விகப் பெயர் என்ற தகுதியும் இருக்கிறது.

உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். அது இல்லாத ரொட்டி சீக்கிரம் காய்கிறது. ஆனால் ரொட்டி பழையதாவது ஈரம் போவதால் மட்டும் நடப்பதில்லை. அடுப்பில் வெந்து குழைந்த மாவுச்சத்து, ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஒழுங்காக அடுக்கமைந்து இறுகுகிறது. அப்படி இறுகிய துண்டு, சாற்றைக் குடித்த பின்னும் சற்று நேரம் துண்டாகவே நிற்கும். இன்று சுட்ட ரொட்டியைப் போட்டால் பசையாகிவிடும். அவசரத்துக்கு வாட்டி எடுக்கலாம். மேல் காயும், உள்ளே அந்த இறுக்கம் வராது.

ஆக, ரொட்டி பக்குவப்பட்டது யாரும் தொடாமல் கிடந்த நாட்களில்.

பயறு

வெள்ளைப் பயறுக்கு ஓர் இரவு வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைப்பது கன்னெல்லீனி: நீண்டு, சிறுத்து, ராஜ்மாவைவிட மெலிந்த வெள்ளை மணி. டஸ்கனியிலேயே பெயர்பெற்ற வேறு வகைகளும் உண்டு. பிரத்தோமாஞ்ஞோ மலையடிவாரத்தில் விளையும் ஸொல்ஃபீனோ இளமஞ்சள் நிறத்தில், மெல்லிய தோலோடு, வெண்ணெயாகக் குழையும். பேஷா ஆற்றுப் பக்கம் விளையும் சொரானா பயறுக்குத் தனி மதிப்பு.

ஊறவைக்கும் தண்ணீரில் சிறிது உப்புப் போடலாம். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பல சமையலறைகளில் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு: தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ள, தோல் இளகுகிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளியைப் பயறோடு சேர்த்து முதலிலேயே போட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பயறு தனியே வேகும், தக்காளி பிறகு வரும்.

காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் இரண்டு மூன்று சேஜ் இலை, நசுக்கிய பூண்டு, சிறிது எண்ணெய். முதலில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். வேகாத பயறில் வயிற்றுக்கு ஆகாத புரதம் ஒன்று உண்டு, கொதியில்தான் அது அழியும். பிறகு தீயைக் குறைத்தால் குமிழி எழுந்தும் எழாமலும் இருக்கும். முன்பெல்லாம் பயறையும் தண்ணீரையும் வைன் குடுவைக்குள் இட்டு, சமையல் முடிந்து தணிந்த கங்குகளின் ஓரத்தில் இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். வீடு தூங்கும், பயறு வேகும்.

டஸ்கனிக்காரர்களைப் பயறுதின்னிகள் என்று பிற இத்தாலியர் கேலி செய்வது பழைய வழக்கம். ஆனால் இந்த வெள்ளைப் பயறு அவர்களுக்குப் பழசு அல்ல. அது அமெரிக்கக் கண்டத்தின் செடி. கொலம்பஸுக்குப் பிறகு வந்தது. 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், புளோரன்ஸின் மெதிச்சி குடும்பத்தில் பிறந்த போப் ஏழாம் கிளெமென்ட், தனக்குக் கிடைத்த விதைகளைப் பியேரியோ வலேரியானோ என்ற அறிஞரிடம் கொடுத்தார் என்றும், அவர் அவற்றை வடக்கே தன் சொந்த ஊரான பெல்லூனோவில் விதைத்தார் என்றும் வரலாறு சொல்கிறது.

அதற்கு முன்னால் அங்கே சட்டியில் வெந்தது எது? நாம் காராமணி என்றும், கொங்குப் பக்கம் தட்டைப்பயறு என்றும் சொல்லும் அதே பயறு. ஆப்பிரிக்காவில் தோன்றி, ஒரு பக்கம் மத்தியதரைக் கடலோரங்களுக்கும் இன்னொரு பக்கம் இந்தியாவுக்கும் பரவிய செடி. அன்னிபாலே கராச்சி 1580களில் வரைந்த ‘பயறு உண்பவர்’ ஓவியம் ரோமின் கொலோன்னா மாளிகையில் இருக்கிறது. வைக்கோல் தொப்பி போட்ட உழைப்பாளி, கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் பாதியில் நம்மைப் பார்த்து நிற்கிறார். கிண்ணத்தில் உள்ள மணிகளில் கருங்கண் தெரிகிறது. மேசையில் ரொட்டி, வெங்காயத்தாள், வைன். புதுப் பயறு வந்து இரண்டு தலைமுறை ஆன பின்னும் பழைய பயறு கிண்ணத்தை விட்டுப் போகவில்லை.

கீரை

காவொலோ நேரோ என்பது முட்டைக்கோஸின் உறவு, ஆனால் உருண்டை கட்டாது. நீண்ட இலைகள் தண்டிலிருந்து விசிறியாக வளையும். நிறம் கறுப்பில் முடியும் பச்சை. மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். நமது ஊர்ப் பெரிய கடைகளில் கேல் கீரை என்று கிடைப்பதற்கு நெருங்கிய சொந்தம்.

முதல் உறைபனி விழுந்த பிறகு பறித்த இலைதான் நல்லது என்பார்கள். செடிக்குக் குளிர் உறைக்கும்போது, தன்னிடம் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கலந்த சாறு அவ்வளவு எளிதில் உறைவதில்லை. செடி தன் உயிருக்காகச் செய்துகொண்டது நம் நாவுக்கு இனிப்பாக வருகிறது. இந்த மாற்றத்தைத் தோட்டக்காரரால் வெட்டியோ உரம் போட்டோ வரவழைக்க முடியாது. குளிர்ந்த இரவுகள் வர வேண்டும், அவ்வளவுதான்.

கீரையின் நடுத்தண்டை உருவி எடுத்துவிடுவார்கள். அதோடு சுருள் இலை முட்டைக்கோஸில் கொஞ்சம், பியேத்தோலா என்ற பீட்ரூட் இனத்துக் கீரை ஒரு கட்டு, உருளைக்கிழங்கு ஒன்று. காவொலோ நேரோ மட்டும் தவறக் கூடாது. மற்றவை தோட்டத்தில் இருப்பதைப் பொறுத்தது.

வதக்கல்

கைக்கு உண்மையான வேலை இங்கே மட்டும்தான். வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் மிகப் பொடியாக நறுக்க வேண்டும். ஆலிவ் எண்ணெயில், குறைந்த தீயில், கால் மணி நேரத்துக்கு மேல். வெங்காயம் கண்ணாடியாகி, பிறகு இளகி, மூன்றும் தனித்தனியாகத் தெரியாத நிலைக்கு வர வேண்டும். சிவக்கக் கூடாது. சிவந்தால் அதன் ருசி முந்திக்கொண்டு நிற்கும். இந்தச் சூப்பில் எதுவும் முந்தக் கூடாது.

பிறகு பூண்டு, ஒரு கொத்து தைம் இலை, கரண்டியளவு தக்காளி விழுது. அதன்மேல் கிழங்கும் கீரைகளும். ஒரு சட்டி நிறையக் குவிந்த கீரை சில நிமிடங்களில் அடங்கிப்போகும். வெந்த பயறில் பாதியை மசித்து, அது வெந்த தண்ணீரோடு சேர்த்து ஊற்ற வேண்டும். மறு பாதி மணிமணியாகக் கடைசியில் சேரும். அதன்பின் ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம், மெல்லிய தீயில்.

நறுக்கும்போது மனம் நறுக்குவதில் இருக்கிறது. கொதிக்க விட்ட பிறகு கைக்கு எதுவும் இல்லை. உடனே மனம் எதையாவது தேடிக்கொண்டு வருகிறது. மூடியைத் திறந்து பார்ப்பது, கிளறுவது, உப்புப் பார்ப்பது. இவற்றில் பாதி சூப்புக்காகச் செய்வதில்லை. சும்மா இருக்கப் பழகாத கை, தன் இருப்பை நிரூபிக்கப் பார்க்கிறது.

அர்தூசியின் குறிப்பு

பெல்லெக்ரீனோ அர்தூசி பட்டு வணிகராக இருந்து ஓய்வுபெற்றவர். 1891இல் புளோரன்ஸில் தன் சொந்தச் செலவில் ஒரு சமையல் புத்தகம் போட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் அது இத்தாலிய நடுத்தர வீடுகளின் பொதுப் புத்தகமாகிவிட்டது. அதில் டஸ்கனி உழவர் பாணியில், விரத நாளுக்கான சூப் ஒன்று இருக்கிறது. பழைய பழுப்பு ரொட்டி 400 கிராம், வெள்ளைப் பயறு 300 கிராம், எண்ணெய் 150 கிராம், தண்ணீர் 2 லிட்டர், இரண்டு வகைக் கோஸ், கீரை, தைம், ஓர் உருளைக்கிழங்கு. ஆறு பேருக்குக் காணும் என்கிறார். விரத சூப் என்று பெயரிட்டுவிட்டு, உப்பிட்ட பன்றித் தோலின் கீற்றுகள் சிலவற்றையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அவருடைய புத்தகத்தில் கண்டிப்பும் கண்சிமிட்டலும் அடுத்தடுத்து வரும்.

இந்தச் சூப் தன்னடக்கத்தால் உழவர் பெயரை ஏற்றுக்கொண்டாலும், கவனமாகச் செய்தால் பெரிய மனிதர்களுக்கும் பிடிக்கும் என்பது அவர் கருத்து. ரொட்டித் துண்டுகளின்மேல் சூப்பை ஊற்றி, மூடி, இருபது நிமிடம் கழித்துப் பரிமாறச் சொல்கிறார். சூடாக நன்றாக இருக்கும், ஆறிப்போனால் இன்னும் நன்றாக இருக்கும் என்று முடிக்கிறார். மறுநாள் திரும்பக் கொதிக்கவைப்பது பற்றி அங்கே பேச்சில்லை. கணக்குப் பார்த்து எழுதுகிற வணிகருக்கே ஆறவிடுவதன் பலன் தெரிந்திருந்தது. அதற்கு அடுத்த படி சமையலறைக்குள்ளேயே இருப்பவர்களின் அறிவு.

அடுக்கு

மண்சட்டியின் அடியில் ரொட்டித் துண்டுகள். அதன்மேல் சூப். மறுபடி ரொட்டி, மறுபடி சூப். மேலே எண்ணெய். சட்டி நிறையும்போது சாறு மேலே நிற்கும். கால் மணி நேரத்தில் காணாமல் போகும். ரொட்டி குடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அதையும் குடிக்கும். இந்த நிலையில் இதன் பெயர் ரொட்டி சூப், அவ்வளவுதான்; மறுநாள் திரும்பக் கொதித்த பின்தான் ரிபொல்லீத்தா. இப்போதே தட்டில் போடலாம், நன்றாகவும் இருக்கும். ஒரே நாளில் செய்த இதை ரிபொல்லீத்தா என்று விற்கும் கடைகளைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் முணுமுணுப்பது உண்டு. ருசியில் குறை என்பதைவிட, ஓர் இரவைக் கணக்கில் காட்டாமல் மறைத்துவிட்டார்கள் என்பதே அவர்கள் புகார்.

டஸ்கனியின் குளிர்கால வீட்டில் சட்டி வெளியிலேயே கிடக்கலாம். வெப்பமான ஊர்களில் ஆறியதும் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். பயறும் மாவுச்சத்தும் ஒரே இரவில் புளித்துவிடும்.

இரவில் என்ன நடக்கிறது? பயறிலிருந்தும் கிழங்கிலிருந்தும் வெளியே வந்த மாவுச்சத்து ஆறி இறுகுகிறது. மீதிச் சாறு ரொட்டிக்குள் இறங்குகிறது. பூண்டின் காரமும் கீரையின் கசப்பும் தணிந்து, எண்ணெயில் கரைந்த தைமின் மணம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருகிறது. காலையில் கரண்டியை வைத்தால் சூப் வெட்டுப்படுகிறது.

மறுநாள்

அகலமான சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, இறுகிய சூப்பைப் போட்டு, குறைந்த தீயில் வைக்க வேண்டும். அடியில் மெல்லப் பொருக்குக் கட்டும். அதை உடைத்து உள்ளே கலந்துவிட்டு, மறுபடி பொருக்குக் கட்ட விட வேண்டும். சிலர் மேலே வெங்காய வளையங்களைப் பரப்பி அடுமனை அடுப்பில் வைக்கிறார்கள். வெங்காயம் ஓரம் கருகும்போது எடுத்தால் சரி. முள்கரண்டியை நட்டால் நிற்க வேண்டும் என்பது புளோரன்ஸ்காரர்களின் அளவுகோல். முந்தைய இரவில் இறுகிய மாவுச்சத்து சூட்டில் மறுபடி இளகுவதால், கெட்டியாக இருந்தும் நாவில் மிருதுவாகிறது.

தட்டில் போட்ட பின் பச்சை ஆலிவ் எண்ணெய், அப்போது பொடித்த மிளகு, விரும்பினால் பச்சை வெங்காயம். சீஸ் தூவுவதைப் பலர் ஏற்பதில்லை. நவம்பரில் செக்கிலிருந்து வந்த புது எண்ணெயாக இருந்தால் தொண்டையில் காரமாகப் பிடிக்கும். அதற்குக் காரணமான பொருளின் பெயர் ஒலியோகாந்தால். உறைபனி பட்ட கீரையும் புது எண்ணெயும் ஆண்டின் ஒரே பருவத்தில் கைக்கு வருகின்றன. இவ்வளவு நேரம் காத்திருந்த சட்டியின்மேல், காத்திருக்கவே கூடாத ஒரு பொருளை ஊற்றி முடிக்கிறார்கள். எண்ணெய்க்கு வயது ஏற ஏற அந்தக் காரம் போய்விடும்.

யாருடைய பொறுமை

இதுவரை எழுதியதைப் படித்தால் இந்தச் சூப் பொறுமைக்கு ஒரு பாடம் என்று தோன்றும். ரொட்டி காய்வதற்கு நாட்கள், பயறுக்கு ஓர் இரவு, கீரைக்குப் பனி விழும் இரவுகள், சூப்புக்கு இன்னோர் இரவு. காத்திருந்தால் எல்லாம் கூடிவரும் என்று எழுதி முடிக்க ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையை நான் நம்பவில்லை.

இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் வார உழவர்கள். மெட்ஸாத்ரியா என்ற அந்த முறையில் நிலமும் வீடும் உடைமையாளருடையவை. விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி உழைத்த குடும்பத்துக்கு. கோதுமையும் எண்ணெயும் வைனும் அப்படியே பங்கிடப்பட்டன. பல நூற்றாண்டுகள் நீடித்த இந்த முறையில் இனிப் புது ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது 1964இல். அந்தப் பாதிப் பங்கைக் கொண்டு, பெரிய கூட்டுக் குடும்பத்துக்கு ஆண்டு முழுக்கச் சோறு போட்டவர் மஸ்ஸாயா என்று அழைக்கப்பட்ட வீட்டுத் தலைவி. ரொட்டி சுடுவது, கோழி வளர்ப்பது, துணி துவைப்பது, பிள்ளைகள், அறுவடைக் காலத்தில் வயல் எல்லாம் அவர் பொறுப்பு. அடுப்பை மூட்ட விறகு செலவாகும் என்பதால் வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக ரொட்டி சுட்டார்கள். ஐந்தாம் நாள் ரொட்டி பழையதாக இருந்ததற்கு அதுதான் காரணம். யாரும் ருசிக்காக அதைக் காயவைக்கவில்லை.

பயறு இரவில் ஊறியது, பகலில் யாருக்கும் நேரமில்லாததால். கங்கின் ஓரத்தில் குடுவை கிடந்தது, தனியே தீ வளர்க்க வசதியில்லாததால். ஒரு முறை சமைத்து மூன்று நாள் சூடாக்கினார்கள், தினமும் சமைக்க ஆளில்லாததால். சட்டியின் பக்கத்தில் அமைதியாகக் காத்திருந்த ஒருவர் இந்தக் கதையில் எங்கும் இல்லை. சூப் தானாக வெந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அந்தக் கைகள் வேறு எங்கோ வேலையில் இருந்தன. அடுப்படியில் ஓய்ந்த கை, கிணற்றடியில் ஓயவில்லை.

ஆகவே பொறுமை என்ற குணத்தை இங்கே தேடுவது வீண். இருப்பது ஓர் ஏற்பாடு: எந்தப் பொருள் எப்போது தானாக மாறும் என்று தெரிந்துகொண்டு, அந்த நேரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்த அறிவு. ஆள் இல்லாதபோதும் நடக்கக்கூடியவற்றால் மட்டுமே ஆன சமையல். அதில் அதிசயம், அந்த நெருக்கடியிலிருந்து இவ்வளவு ருசி வந்தது. நெருக்கடிதான் ருசியைத் தந்தது என்று சொல்லிவிட்டால், பாதிப் பங்கை எடுத்துக்கொண்டு போனவருக்கும் நன்றி சொல்ல வேண்டிவரும். ருசி, இருந்ததைக் கவனித்தவரிடமிருந்து வந்தது.

எஞ்சுவது

இன்று இதைச் செய்பவர் அந்தப் பசியை இரவல் வாங்க வேண்டியதில்லை, வாங்கவும் முடியாது. வறுமையின் வேடம் போட்டுக்கொண்டு மண்சட்டி தேடுவதிலும் பொருளில்லை. இரும்புச் சட்டியிலும் குக்கரில் வெந்த பயறிலும் சூப் வரும். எடுத்துக்கொள்ளக் கூடியது அந்த ஏற்பாடு மட்டும்: எங்கே கை வேண்டும், எங்கே வேண்டாம் என்ற வரிசை. நறுக்கும்போது முழுக்க நறுக்கு. வதக்கும்போது பக்கத்தில் நில். மற்ற நேரங்களில் போ.

பயறை ஊறப்போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். சூப்பை மூடி வைத்துவிட்டுத் தூங்கலாம். திறந்து திறந்து பார்க்கும் கைக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கிறது. தன்னை விலக்கிவைத்துவிட்டதாக அது நினைக்கிறது. மறுநாள் சட்டியைத் திறக்கும்போது, தான் செய்யாத வேலையும் நடந்திருப்பதை அந்தக் கை பார்க்கும். நாம் பக்கத்தில் நின்றால்தான் எதுவும் நடக்கும் என்ற நினைப்புக்கு, ஆறு பேர் வயிறார உண்ணக்கூடிய மறுப்பு இந்தச் சூப்.